பெற்றவளுக்கு அத்தை என்று பெயர்

துடியலூர்
7-5-1996

இளவேனிலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டுச் சிறுவர் கூடத்தில், குழந்தைக்குத் தண்ணீர் குடிக்க வைத்துக் கூட்டி வருகிறேன் என்று சொன்னாய். சொல்லிவிட்டு இனியாவைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ் ஏறிவிட்டாய். நடந்தது அதுதான். நீ அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி, நான் வைக்கிற பெயர் ஏமாற்று.

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. போன் போட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே போகலாம் என்று சொன்னதே நீதான். பழைய மில் குடோனைத் துடைத்து எடுத்து, பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்து பார்க்க என்னென்னவோ வைத்திருக்கிறார்களாம், பேப்பரில் வந்திருக்கிறது என்றாய். காசு கொடுத்துத் தொட்டுப் பார்ப்பதா, நம்ம சாக்குக் கடைக்கு வந்தால் சும்மாவே தொட்டுப் பார்க்கலாமே என்று நான் சிரித்தேன். உள்ளே போனபிறகு அந்தச் சிரிப்பு இல்லை. கப்பியில் கயிறு போட்டு மூட்டை தூக்குகிற இடத்தில், நம்ம இனியா ஒற்றைக் கையில் மணல் மூட்டையைத் தூக்கினாள். மண்டியில் முதுகு ஒடிய நான் சுமந்த மாதிரி மூட்டை. இப்படி ஒரு கயிறு இருக்கிறது என்று அப்போது எனக்கு ஒருத்தனும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அந்தச் சாக்கின் தையல் சரியில்லை என்று அங்கிருந்த பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் போனதுகூட எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது உன் முகம் வெளுத்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு அந்த இருட்டு அறை. பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்து, நம் நிழல் சுவரிலேயே ஒட்டி நிற்கும் இடம். இனியா இரண்டு கையையும் விரித்து நின்றாள். நீ தண்ணீர் என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் சுவரில் இருந்த அவள் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது மங்கி முடிகிறவரை. கிறுக்கன்.

அப்புறம் நான் பட்டது உனக்குத் தெரியாது. பிள்ளைகள் தவழ்ந்து போகிற குழாய்க்குள் தலையை விட்டு, "கண்ணு, கண்ணு" என்று கத்தினேன். உள்ளே இருந்த வேறு யாரோ பிள்ளை மிரண்டு அழுதது. அதன் அப்பன் என்னை அடிக்க வந்தான். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூடம் மூடுகிற நேரத்தில் செருப்பு வாங்கி வைக்கிற அம்மாதான், "அந்தப் புள்ளயத்தானுங்க, ஒரு நர்ஸம்மா மாதிரி இருந்தவிய பின்னால தூக்கீட்டுப் போனாங்க" என்றாள். அதுவரைக்கும் உன்னையும் சேர்த்தல்லவா தேடினேன். உனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று.

கடைக்கு வந்தால் நீ போனில் சொல்லி வைத்த செய்தி காத்திருக்கிறது. 'குழந்தை என்னிடம் பத்திரமாக இருக்கிறாள்.' சரக்கு வந்து சேர்ந்த தகவல் மாதிரி.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளை இங்கே கொண்டுவந்து விடு. உன் அண்ணி சாப்பிடவில்லை. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

காளிச்சாமி


சத்தியமங்கலம்
11-5-1996

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அந்தக் குழாய்க்குள் நீங்கள் தலையை விட்டதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இனியாவைக் கொண்டுவந்து விட மாட்டேன். அவள் என் பிள்ளை.

நீங்கள் கப்பிக் கயிற்றோடு பேசிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கூடத்தின் இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக, அண்டா மூடியைக் குழித்து நிறுத்தினது போல இரண்டு பெரிய கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் வாய் வைத்து முணுமுணுத்தால், நடுவில் எத்தனை பேர் சத்தம் போட்டாலும், எதிர்க் கிண்ணத்தில் காது வைத்தவருக்கு மட்டும் தெளிவாகக் கேட்கும். அங்கே வேலை செய்கிற பெண் என்னை இந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு, இனியாவை அந்தப் பக்கம் கூட்டிப் போனாள்.

அந்தப் பெண் சொன்னது எனக்குக் கேட்டது. "அங்க உங்கம்மா நிக்கறாங்க பாரு. ஒரு ரகசியம் சொல்லு கண்ணு."

இனியா சொன்னதும் கேட்டது. "அது எங்கம்மா இல்லீங்க்கா. அத்தைங்க. எங்கம்மா ஊட்ல இருக்குதுங்க."

பிறகு அவள் கிண்ணத்துக்குள் வாயை வைத்து எனக்கென்று சொன்ன ரகசியம்: "ஏனுங்கத்தை, நீங்க உங்கூருக்கே போயிருங்க. நீங்க வந்தா எங்கம்மா பயந்துக்குது."

என் காதுக்குள் உட்கார்ந்து சொன்னது போல இருந்தது அண்ணா.

எட்டு மாதக் குழந்தையை உங்கள் கையில் கொடுத்தபோது என்ன பேசினோம்? அவள் அப்பா காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தார், எனக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. "படிப்ப முடிச்சு, வேலை கெடச்சு, ஒரு இடத்துல உக்காந்தியானா வந்து கூட்டிக்க அம்மணி. அதுமுட்டும் நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னது நீங்கள். பயிற்சி முடிந்தது. தாளவாடி மலைமேல் போட்டார்கள். யானை வருகிற ரோட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு இருக்க முடியாது என்று நானும் பொறுத்தேன். இப்போது கீழே மாற்றி, குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வரும்போதெல்லாம் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "கூச்சம் அம்மணி, சின்னப் புள்ளைதான" என்பீர்கள். அண்ணியை அவள் அம்மா என்பதை நான் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. சோறு ஊட்டுகிறவளை எந்தக் குழந்தையும் அப்படித்தான் கூப்பிடும். ஆனால் என்னை அத்தை என்று யாரோ சொல்லிக் கொடுக்காமல் அவளுக்கு எப்படித் தெரியும்? நான் அத்தை என்றால் நீங்கள் யார்? அப்பா.

அம்மாவை எடுத்ததோடு நிற்காமல், அவளைப் பெற்ற தம்பிதுரை என்று ஒரு மனிதன் இருந்ததையும் துடைத்துவிட்டீர்கள்.

இளவேனில்


துடியலூர்
15-5-1996

இளவேனிலுக்கு,

ஆமாம், அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். தெருவில் மற்ற பிள்ளைகளெல்லாம் அப்பா அப்பா என்று ஓடும்போது இவளும் ஓடி வந்து காலைக் கட்டினாள். நான் உதறித் தள்ளி, "நான் அப்பன் இல்ல கண்ணு, மாமன்" என்று பாடம் நடத்த வேண்டுமா? அந்த வயசில் நீ இருந்திருந்தால் உனக்கும் அதைத்தான் செய்திருப்பேன். உன்னை வளர்த்தவனும் நான்தான். நம்மைப் பெற்ற ஐயன் செத்தபிறகு சாக்கு பொறுக்கின காசில் உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். அந்தப் பேச்சை நான் எடுக்கிறவன் அல்ல. நீ எடுக்க வைத்தாய்.

அந்தக் கிண்ணத்தில் கேட்டதால் மனசு உடைந்து தூக்கிப் போனாய் என்று எழுதியிருக்கிறாய். நான் வியாபாரி. எந்தச் சாக்கில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று கையை வைத்தாலே தெரியும். இதிலும் ஒட்டு இருக்கிறது.

இனியா படுக்கும்போது கன்னத்தில் வைத்துக்கொள்கிற பழைய சேலைத் துண்டு வீட்டில் இல்லை. மூலை முடுக்கெல்லாம் உன் அண்ணி தேடிவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் நீதான் கேட்டிருக்கிறாய், "தூங்கறப்ப எந்தத் துணி அண்ணி கேப்பா?" என்று. அவளும் வெள்ளந்தியாக எடுத்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் அது உன் பையில் போயிருக்கிறது. ஆக, கிண்ணத்தில் காது வைக்கிறதுக்கு முன்னாலேயே நீ முடிவு செய்தாயிற்று. கண்காட்சி, விளையாட்டு எல்லாம் என்னை வீட்டைவிட்டு வெளியே இழுக்கப் பண்ணின ஏற்பாடு.

என் வீட்டில் சோறு தின்று, என் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்து, டிக்கெட்டும் என்னையே எடுக்க வைத்து, இந்த வேலை செய்தாய். வெளியாள் செய்திருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். இது அப்படி இல்லை.

நாலு பேரைக் கூட்டி வந்து பேச எனக்குத் தெரியாமல் இல்லை. பெற்றவளா வளர்த்தவளா என்று ஊர் சொல்லட்டும். அதற்கு வழி வைக்காதே.

காளிச்சாமி


சத்தியமங்கலம்
21-5-1996

அண்ணனுக்கு,

சேலைத் துண்டை நான்தான் எடுத்தேன். சனிக்கிழமையே எடுத்தேன். உங்களிடம் கேட்கத்தான் அங்கே கூட்டிப் போனேன். வீட்டில் கேட்டால் நீங்கள் சத்தம் போடுவீர்கள், அண்ணி அழுவாள். நாலு பேர் நடமாடுகிற இடமென்றால் பொறுமையாகப் பேசுவீர்கள் என்று கணக்குப் போட்டேன். சரி என்றால் அன்றைக்கே கூட்டிப் போக, துணி கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தக் கிண்ணத்துக்குப் பிறகு கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது அவள் வாயிலேயே வந்துவிட்டதே. கேட்காமல் போனது தப்பு. போனது தப்பில்லை.

வெள்ளிக்கிழமை காலை நீங்கள் இங்கே வந்திருந்தீர்கள். பூ மார்க்கெட் எதிரில் வாழைத்தார் லாரிக்குப் பின்னால் நின்றீர்கள். லாரி நகர்ந்தபோது உங்கள் பச்சைத் துண்டு தெரிந்தது. நான் இனியாவை மறுபக்கம் திருப்பி நடத்திக்கொண்டு போனேன். நாலு பேரோடு வருவேன் என்று எழுதிவிட்டுத் தனியாக வந்து ஒளிந்து நின்றீர்களே, ஏன் அண்ணா? கூப்பிட்டிருந்தால் நான் நின்றிருப்பேனோ என்னவோ. தெரியவில்லை.

உங்களுக்குச் சந்தோஷம் தருகிற ஒன்றைச் சொல்கிறேன். அத்தை என்று சொல்லாதே, நான் உன் அம்மா என்று முதல் நாளே சொன்னேன். அதிலிருந்து அவள் என்னை அத்தை என்பதில்லை. அம்மா என்பதும் இல்லை. "ஏனுங்க, தண்ணி வேணுங்க." "ஏனுங்க, வெளிய போவோணுங்க." பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிடுவது போல. மரியாதை குறையாமல் பேசுகிறாள். நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எத்தனையோ பேர் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு, அழுகையை அமர்த்தி அனுப்புகிறேன். அழாத பிள்ளையை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சாதத்தில் என்ன பிசைந்து கொடுப்பீர்கள்? ரசம் கொடுத்தால் தொடுவதில்லை. படுக்கும்போது அண்ணி ஏதாவது கதை சொல்வாளா? உங்களிடம் கேட்பது எனக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால், பதில் மட்டும் எழுதுங்கள்.

இளவேனில்


துடியலூர்
27-5-1996

அம்மணி,

பருப்புக் கடைந்து நெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துக் கையில் வைக்க வேண்டும். ஊட்டினால் தின்ன மாட்டாள். ரசம் பிடிக்காது. அரிசிம்பருப்புச் சோறு என்றால் சட்டியோடு தின்பாள். கதையெல்லாம் கேட்க மாட்டாள். முதுகில் கையால் ஒன்று, ரெண்டு என்று தட்டவேண்டும். எத்தனைக்குத் தூங்கினேன் என்று மறுநாள் காலையில் கேட்பாள். ஏதாவது ஒரு பெரிய எண்ணாகச் சொல்லிவிடு. சின்ன எண் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

லாரிக்குப் பின்னால் நின்றது நான்தான். ஏன் கூப்பிடவில்லை என்றால், அவள் என்னைப் பார்த்து ஓடி வந்திருப்பாள். ஓடி வந்தால் விட்டுவிட்டுத் திரும்ப என்னால் ஆகாது. தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். நீ செய்ததையே நானும் செய்த மாதிரி ஆகும். அது வேண்டாம் என்று நின்றேன். இதை நீ நம்பு, நம்பாமல் போ.

இப்போது நேராகப் பேசுகிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. கடைக்குப் பின்னால் இருக்கிற இடத்தை இனியா பெயருக்கு எழுதி வைக்கிறேன். பத்திரச் செலவு என்னுடையது. மேட்டுப்பாளையம் ரோட்டு இடம் இன்றைக்கு என்ன விலை போகிறது என்று உனக்கே தெரியும். அஞ்சாம் வகுப்பு முடிகிறவரை அவள் இங்கே இருக்கட்டும். நீ வாராவாரம் வந்து பார். அத்தை என்று சொல்லாதே என்று நானே அவளிடம் சொல்கிறேன். அதற்குப்பிறகு நீ கூட்டிக்கொண்டு போ, நான் வழி மறிக்கவில்லை.

யோசித்து எழுது. உன் அண்ணி தாராபுரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நான் மட்டும். கடைச் சோறு.

காளிச்சாமி


சத்தியமங்கலம்
29-5-1996

அண்ணனுக்கு,

அண்ணி தாராபுரம் போகவில்லை. இங்கேதான் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் கதவை முழுசாகத் திறக்கவில்லை. அவள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏன் அம்மணி, குடுத்த புள்ளையத் திருப்பி வாங்கறது எந்தூரு நாயம்? நான் என்ன கொற வெச்சேன்?"

"யார் அண்ணி குடுத்தது? படிப்பு முடியறமுட்டும் பாத்துக்கச் சொன்னேன்."

"குடுத்துப்போட்டான்னு உங்கண்ணன் சொன்னாரே. எங்களுக்கே எங்களுக்குன்னு."

அப்புறம் இரண்டு பேரும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

என்னிடம் நீங்கள் சொன்னது: 'அவ முன்னால புள்ளையக் கூட்டிட்டுப் போற பேச்ச எடுக்காத. புள்ளையில்லாதவ, மனசு நோவா.' அவளிடம் சொன்னது: 'அவ முன்னால குடுத்ததப் பத்திப் பேசாத. பெத்துக் குடுத்தவ, மனசு நோவா.' இத்தனை வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தி மனசை ஒருத்தி நோகடிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம். மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி, விற்கிறவன் விரலை ஒரு கையிலும் வாங்குகிறவன் விரலை ஒரு கையிலும் பிடிப்பாரே, அப்படிப் பிடித்திருக்கிறீர்கள். ஒரே சரக்கை இரண்டு பேருக்கு விற்கிற வியாபாரியைப் பற்றிக் கடையில் உட்கார்ந்து என்னவெல்லாம் பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை நான் எழுதவில்லை.

இன்னொன்றையும் அண்ணி சொன்னாள். ஆவணியில் இனியாவுக்குக் காதுகுத்து, அண்ணியின் தம்பி நஞ்சுண்டன் மடியில். துணி எடுக்கக்கூடச் சொல்லியாகிவிட்டதாம். அவள் காது இன்னும் ஏன் மூளியாக இருக்கிறது என்று நான் கேட்டபோதெல்லாம் 'நல்ல நாளாப் பாக்கோணும் அம்மணி' என்றீர்களே. நாள் கிடைக்காமல் அல்ல. நீங்கள் அப்பாவாகிவிட்டால் மடி கொடுக்க வேறு தாய்மாமன் வேண்டுமே. அண்ணியின் தம்பியைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். என் பிள்ளைக்குக் கூடப்பிறந்த தாய்மாமன் உலகத்தில் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் தன் மடியை வேறு ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டார். நீங்கள் செய்ததிலேயே எனக்கு ஆறாதது அதுதான்.

இடம் வேண்டாம். பிள்ளைக்கு விலை சொல்லிப் பழகாதீர்கள்.

அண்ணி உள்ளே வந்ததும் இனியா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். விக்கி விக்கி, சாயங்காலம்வரை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, உயிர் வந்தது போலவும் இருந்தது. அண்ணி அவள் முகத்தைத் துடைத்து என் பக்கம் திருப்பி, "கண்ணு, இது உங்கம்மா. நான் உனக்கு அத்தை. மாத்திச் சொல்லிக் குடுத்துப்போட்டோம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

அண்ணி கொஞ்ச நாள் இங்கே இருப்பாள். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை.

இளவேனில்


துடியலூர்
2-6-1996

இளவேனிலுக்கு,

ரெண்டு பேரும் சேர்ந்துகொண்டீர்கள். நல்லது. நான் கட்டினவள் தாராபுரம் போகிறேன் என்று என்னிடமே பஸ் காசு வாங்கிக்கொண்டு சத்தி பஸ் ஏறியிருக்கிறாள். அதே மாதிரி பை, அதே மாதிரி பொய். யாரிடம் படித்தாள் என்று கேட்க வேண்டியதில்லை. நேற்று நஞ்சுண்டன் கடைக்கு வந்து, "ஏனுங் மாமா, அக்கா எங்க போச்சுங்க, நாங்க பாக்கவே இல்லீங்களே" என்று கேட்டான். கடை ஆட்கள் முன்னால் என்ன பதில் சொல்வது? நல்லா இருக்கிறாள் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒரே சரக்கை ரெண்டு பேருக்கு விற்றேன் என்கிறாய். விற்றவனுக்கு லாபம் வர வேண்டும். எனக்கு என்ன வந்தது என்று சொல். நீ கைம்பெண்ணாக வந்து நின்றாய், படிக்க வேண்டும் என்றாய். அவள் கோயில் கோயிலாக அலைந்து வற்றிப்போயிருந்தாள். உன்னிடம் நிரந்தரம் என்று சொன்னால் நீ படிக்கப் போக மாட்டாய். அவளிடம் கொஞ்ச நாளைக்கு என்று சொன்னால் அவள் குழந்தையை மனசால் தொட மாட்டாள், தொட்டால் விட வேண்டுமே என்று. ரெண்டு பேருக்கும் அந்த நேரத்துக்கு எது வேண்டுமோ அதைச் சொன்னேன். நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நாள் வந்தது. அதற்குள் இனியா என் வயிற்றின்மேல் படுத்துத் தூங்கப் பழகிவிட்டாள். அதற்கு மேல் என்னால் ஆகவில்லை.

மடி விஷயம் நீ எழுதினது உண்மைதான். அதை மட்டும் படித்துவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

சரி. நிபந்தனை இருந்தால் சொல்லுங்கள், ரெண்டு பேரும். நான் கேட்கிறது: வாராவாரம் ஞாயிறு நான் அங்கே வரவேண்டும். பள்ளி விடுமுறை மொத்தமும் அவள் இங்கே. பள்ளிக்கூடத்து நோட்டு, துணி, மருந்து எல்லாம் என் செலவு. என் பெண்டாட்டி ஆடிக்கு முன்னால் வீட்டுக்கு வரவேண்டும்.

காளிச்சாமி


சத்தியமங்கலம்
6-6-1996

அண்ணனுக்கு,

அண்ணியும் நானும் உட்கார்ந்து பேசினோம். அவள் சொல்வதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வாராவாரம் முடியாது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு. வருவதற்கு முன்னால் எழுதிவிட்டு வர வேண்டும். லாரிக்குப் பின்னால் நிற்கக் கூடாது, வாசல் வழியாக வர வேண்டும். கோடை விடுமுறையில் பாதி அங்கே. நான் கொண்டுவந்து விடுவேன், நானே வந்து கூட்டிக்கொள்வேன். செலவு என்னுடையது. நான் சம்பளக்காரி.

அண்ணி எப்போது திரும்புவது என்பது நிபந்தனையில் சேராது. "அவரு கேக்க வேண்டாம். எனக்குத் தோணுறப்ப வாரேன். நான் என்ன சாக்கா, நாள் குறிச்சு அனுப்பறதுக்கு?" என்கிறாள். அப்படியே எழுதச் சொன்னாள்.

இனியா திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனாள். டீச்சர் அப்பா பெயர் கேட்டிருக்கிறார். நான் வாய் திறப்பதற்குள் அவளே உங்கள் பெயரைச் சொல்லிவிட்டாள். நான் திருத்தி, தம்பிதுரை என்று எழுத வைத்தேன். "அது யாருங்க?" என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டாள். வீட்டுக்கு வந்து போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப அவரு?" என்று கேட்டாள். மாமா என்றேன். அரிசிம்பருப்புச் சோறு தின்றுவிட்டு அண்ணி முதுகில் தட்டத் தூங்கிவிட்டாள். இன்னும் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

காதுகுத்து ஆவணியில், இங்கே. மடி உங்களுடையது. உங்களுக்காகக் கொடுக்கவில்லை. அவளுக்கு மாமன் வேண்டும்.

உங்களை நான் மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இளவேனில்


துடியலூர்
10-6-1996

இளவேனிலுக்கு,

மன்னிப்பு நான் கேட்கவும் இல்லை. அந்தக் கூடத்தில் என்னை நிற்க வைத்துவிட்டுப் போனதை நானும் மறக்கப் போவதில்லை. அது அதுபாட்டுக்கு இருக்கட்டும். என்ன பேசிக்கொண்டோம் என்பதை மட்டும் இங்கே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். வாய்ப்பேச்சில் விட்டதால் வந்த வினை போதும். இதை உன் அண்ணிக்கும் படித்துக் காட்டு. இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு.

இனியா உன்னிடம் இருப்பாள். அங்கேயே படிப்பாள். எந்த இடத்திலும் அவளுக்குத் தகப்பன் பெயர் தம்பிதுரைதான்.

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு வருவேன். முன்கூட்டியே எழுதிவிட்டு, வாசல் வழியாக. கோடை விடுமுறையில் பாதி இங்கே. கொண்டுவந்து விடுவதும் கூட்டிப் போவதும் நீ. செலவு உன்னுடையது. தின்பண்டம் மட்டும் வாங்கி வருவேன், அதில் தலையிடாதே.

உன் அண்ணி பழனியாத்தாளை எப்போது வருகிறாய் என்று நானும் கேட்க மாட்டேன், ஆள் விட்டும் கேட்க மாட்டேன். வந்தால் கதவு திறந்திருக்கும்.

காதுகுத்து ஆவணியில், உன் வீட்டில். நஞ்சுண்டனிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். "ஆகட்டுங் மாமா, மொறையின்னா மொறைதானுங்க" என்றான். சேலை, தோடு, தட்டு வரிசை எல்லாம் மாமன் சீர். அதில் நீ ஒரு காசு சேர்க்கக் கூடாது. இது என் நிபந்தனை, இதை நீ மறுக்க முடியாது.

அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். மாமா என்று வாய் வருகிறவரை, பக்கத்தில் இருந்தாலும் காது கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

சாயங்காலம் நான் பஸ் ஏறும்போது, கூட வருகிறேன் என்று அழுதுகொண்டு பின்னால் ஓடி வந்தாலும், தூக்கி உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவேன்.

சம்மதம்.

காளிச்சாமி